கண்ணில் எழுந்த திரை

சென்ற மார்கழியில் ஒரு நாள், கரக்பூரில் அலுவலகக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, நமது வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல் போல் ஏதோ வெட்டிற்று. மறுநாள் கொசுக்கூட்டம் பறப்பதுபோல் கரும்புள்ளிகள் தோன்றின. வலி சிறிதும் இல்லை. அதுவே நம்மை ஏமாற்றிற்று. பொங்கலுக்கு ஊர் போகையில் சென்னையில் காட்டிக்கொள்ளலாம், நம் மொழியிலேயே சொல்லலாம் என்றிருந்தோம். வெளியூர் வாழும் நம்மவர் எல்லா நோய்க்கும் சொல்லும் சமாதானம் இதுதானே!

மூன்றாம் நாள் காலை, பார்வையின் கீழ்ப்புறத்திலிருந்து கருந்திரை ஒன்று எழுந்தது. "ஒரு நாளுக்கு மேல் வண்டியில் போகவேண்டுமே, அதுவரை கண் காத்திருக்குமா?" என்று கேட்ட இல்லாள், அன்றே கொல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றாள்.

விழித்திரை கிழிந்து, தன் இடத்தைவிட்டுப் பிரிந்துகொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். நம்மைப்போல் கிட்டப்பார்வை மிகுந்தோர்க்கு இது நேர வாய்ப்பு அதிகமாம். விழித்திரைக்கு வலி தெரியாதாம். மின்னல் கண்ட அன்றே வந்திருந்தால், கிழிசலைச் சுற்றி லேசர் ஒளியால் அடைத்து அனுப்பியிருக்கக்கூடுமாம், இப்போதோ அறுவை. நடுப்பகுதி இன்னும் பிரியாதிருந்ததால் படிக்கும் பார்வை தப்பிற்று.

கண்ணுக்குள் நிரப்பிய வாயு கரையும்வரை தலையை ஒருபுறம் சாய்த்திருக்கச் சொன்னார்கள். பொங்கற்பானை பொங்கியதையும் அவ்வாறே சாய்ந்தபடி பார்த்தோம்.