டின்னில் இருந்த டபிள்யூ

"டபிள்யூன்னா வெயிட்டுங்க சார். நம்மூரு வெயிலுக்கு இருவது-அம்பதுதான் தாங்கும்."

கோவை சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொன்ன மெக்கானிக், டிப்ஸ்டிக்கில் ஒட்டியிருந்த கறுப்பு ஆயிலைக் கட்டைவிரலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிசுபிசுப்பு போதவில்லையாம். டேஷ்போர்டுக்குள் காரின் கையேடு கிடந்தது, ஐந்து வருடமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். பிரித்தேன். அதில் இருந்தது 0டபிள்யூ-16. இருவரில் ஒருவர் சொல்வதுதான் சரியாக இருக்க முடியும். முதலில் அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம் என்று தேடக் கிளம்பினேன்.

தேடல் போய் நின்ற இடம் அமெரிக்கா. அங்கே ஆட்டோமொபைல் எஞ்சினியர்களின் சங்கமான எஸ்ஏஇ, 1911இல் எஞ்சின் ஆயிலைத் தரம் பிரிக்கத் தொடங்கியது. அவர்கள் பார்த்தது எடையை அல்ல, ஆயில் ஓடும் விதத்தை. அந்தக் காலத்தில் அதை அளக்க சேபோல்ட் என்ற கருவி இருந்தது. குறிப்பிட்ட சூட்டில் உள்ள ஆயிலைச் சின்ன துளை வழியாக இறக்கி, குடுவை நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார்கள். நொடி கூடினால் ஆயில் கெட்டி.

சிக்கல் குளிர்காலத்தில் வந்தது. கோடையில் நன்றாக ஓடிய ஆயில், உறைபனியில் பாகு மாதிரி இறுகி எஞ்சினைச் சுழலவே விடாது. அதனால் பருவத்துக்கு ஓர் ஆயில் ஊற்றினார்கள். குளிரிலும் இளகி ஓடும் ஆயிலுக்கு 1930களில் ஓர் அடையாள எழுத்து சேர்ந்தது. அதுதான் டபிள்யூ: 'வின்டர்', குளிர்காலம். வெயிட் இல்லை!

10டபிள்யூ என்ற பெயர் கிடைக்க ஓர் ஆயில் இன்று மைனஸ் 25 டிகிரியில் எஞ்சினைச் சுழலவிட வேண்டும். 0டபிள்யூ என்றால் மைனஸ் 35. ஊட்டியின் உறைபனிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கோட்டுக்குப் பின்னால் வரும் எண், 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கான குறியீடு.

இரண்டு குணமும் ஒரே டின்னுக்குள் எப்படி? 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர், சூட்டில் ஆயில் எவ்வளவு இளகுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் போட்டார்கள். குறைவாக இளகிய பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, அதிகமாக இளகிய மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. (இன்றைய சிந்தடிக் ஆயில்கள் சர்வசாதாரணமாக நூறைத் தாண்டுகின்றன.) குளிரில் சுருண்டு கிடந்து, சூட்டில் நீண்டு விரியும் பாலிமர்களைக் கலந்ததும் 1950களில் இரண்டு குணமும் கொண்ட மல்டிகிரேடு ஆயில் கடைக்கு வந்தது.

அப்படியானால் கோவை வெயிலுக்கு? இங்கேதான் மெக்கானிக்கின் கணக்கு பிசகுகிறது. வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, தெர்மோஸ்டாட் எஞ்சினின் சூட்டை ஏறக்குறைய ஒரே நிலையில் பிடித்துவைக்கிறது. அம்பாசடர், பத்மினி எஞ்சின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி தாராளம். அங்கே கெட்டி ஆயில் பொருந்தியது. இன்றைய எஞ்சினின் இடுக்குகள் நுணுக்கமானவை. காலையில் சாவி போட்டதும் ஆயில் மேலே ஏறி கேம்‌ஷாஃப்டைத் தொட வேண்டும். 20டபிள்யூ-50 அங்கே போய்ச் சேரத் தாமதமாகும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். விரலில் தேய்த்துப் பார்ப்பதும் உதவாது. விரல் காட்டுவது 30 டிகிரியில் இருக்கும் ஆயிலை. எஞ்சினுக்கு வேண்டியது 100 டிகிரியில் இருக்கும் ஆயில்.

அடுத்த வாரம் 0டபிள்யூ-16 டின்னோடு போனேன். டின்னின் பின்புறம் இருந்த வட்ட முத்திரையில் ஏபிஐ எஸ்பி என்றும் இருந்தது. கையேடு கேட்ட தரம் அது. மெக்கானிக் மூடியைத் திறந்தார், ஒரு சொட்டு எடுத்தார், தேய்த்தார்.

"தண்ணியாட்டம் இருக்குதுங்க சார்."

ஊற்றினார். பில்லில் ஆயில் என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில், 'கஸ்டமர் சொன்னது' என்று சேர்த்துக்கொண்டார்.