கூண்டுக்குள் மறைந்த புகைக்குழாய்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையை ஒட்டிய ஓர் ஊர். ஒன்றரை ஏக்கர் நெல், இரண்டு கறவை மாடு. மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. காலை ஷிஃப்ட் என்றால் விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் அவனுக்குச் சோறு கட்டியாக வேண்டும்.

வீட்டில் கேஸ் உண்டு. ஆனால், அது டீக்கும் குழம்புக்கும்தான். வெந்நீர், சோறு, மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிக்கிறது எல்லாம் விறகில். சிலிண்டர் விலைக்கு அது கட்டுப்படியாகாது. வேலிக்காத்தான் விறகு வரப்போரமே கிடைக்கிறது. அடுப்பு வேலை அம்மாவுக்கு. நாற்பது வருஷப் புகை. இருமல் விடாததால் செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வியே, "விறகு அடுப்பாம்மா?" என்பதுதான்.

தளம் போட்ட புது வீடு கட்டும்போது, சமையல்கட்டில் மேடை அடுப்பு வைத்து, 4 அங்குலத் தகரக் குழாயைப் பின்சுவர் வழியாக வெளியே எடுத்து, மாடிக்கு மேலே ஏற்றினார்கள். முதல் ஐப்பசியிலேயே குழாய் துருப்பிடித்தது. மழையில் நனைந்து குளிர்ந்த குழாயில் புகை மேலே ஏறவில்லை. அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வந்தது. புகையை மேலே இழுப்பது சூடுதான். குழாய் குளிர்ந்தால் இழுவை செத்துவிடும்.

மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். புதுக் குழாய் போட்டு, அதைச் சுற்றிச் சுவரோடு சேர்த்துச் செங்கல் கூண்டு கட்டிவிடலாம்; மழையும் படாது, சூடும் தங்கும். குழாய்க்கும் செங்கலுக்கும் நடுவே 2 அங்குலம் இடைவெளி. "அந்தச் சந்துல தேங்காய் நார் திணிச்சா இன்னும் சூடு நிக்குமே" என்றான் மகன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கூரை வீட்டில் பொறி பட்டு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். மேஸ்திரியும், "அம்மா சொல்றதுதான் சரி. உள்ளே நாரும் வேணாம், வைக்கோலும் வேணாம், கரன்ட் ஒயரும் வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

கூண்டு எழும்பியது. பூசி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. குழாய் இருக்கிற இடமே தெரியவில்லை. இரண்டு மாதம் அடுப்பு அருமையாக எரிந்தது.

ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து மகன் வீட்டுக்கு வந்தபோது சமையல்கட்டு அடுப்பு ஆறிக் கிடந்தது. மாட்டுக்கொட்டகை ஓரத்தில், மூன்று கல்லைக் கூட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். பதினைந்து நாளாக அப்படித்தானாம்.

"ஏம்மா சொல்லல?"

"காசு போட்டுக் கட்டிட்ட. மறுபடியும் புகையுதுன்னு எப்படிப்பா சொல்றது?"

அவன் அன்றைக்குத் தூங்கப் போகவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு வந்தான். கூண்டின் அடியில் இரண்டு செங்கலைப் பெயர்த்து, குழாயின் வளைவைத் திறந்தால், ஒரு கூடை கரி கொட்டியது. குழாயை மறைத்தவர்கள், கரியை அள்ள வழி விடவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கொடுத்து நான்கு வருஷம் கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. முதல் வருஷம் பெண்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. அடுப்பும் குழாயும் சரியாகப் பராமரிக்கப்படாததால் பிறகு அந்தப் பலன் மறைந்துபோனது. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. புகைபோக்கி வைப்பதோடு வேலை முடிவதில்லை.

இப்போது அந்தக் கூண்டின் அடியில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. மாதம் ஒருமுறை மகன் மாடியில் ஏறித் தொப்பியைக் கழற்றி, கயிற்றில் நார்ப்பந்தைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கி இழுக்கிறான். மருமகள் கீழே கரியை அள்ளுகிறாள். குழாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டி 2 அடி உயர்ந்து நிற்கிறது. மழைக்காலக் காலையில், முதலில் அந்தக் கதவைத் திறந்து ஒரு காய்ந்த ஓலையைக் கொளுத்திக் காட்டுகிறார் அம்மா. குழாய் சூடேறியதும் கதவை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார். புகை நேராக மேலே போகிறது.

பூசின சுவரில் அந்தக் கதவு பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. அதற்கு வண்ணம் அடித்து மறைக்கலாமா என்று மருமகள் கேட்டாள்.

"வேணாம்மா. கண்ணுல பட்டாத்தான் ஞாபகம் இருக்கும்" என்றார் அம்மா.