தோன்றாத சாளரம்

நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் சிவப்பு எழுத்தில் வரும் பிழைச்செய்தியைக் கண்டு அஞ்சுவார்கள். என் பார்வையில் அது கண்டிப்பான ஆசிரியரைப் போன்றது. எந்த வரியில் தவறு என்பதையாவது சொல்லிவிடும். ஒன்றுமே சொல்லாத பிழைதான் கொடியது. நிரல் ஓடுகிறது; குறை எதுவும் கூறப்படவில்லை; திரையில் வரவேண்டிய சாளரம் மட்டும் வருவதில்லை. அப்போது கற்பவர் குறையைத் தம்மிடமே தேடத் தொடங்கிவிடுகிறார்.

சாளரம் என்றதும் நினைவுக்கு வருவது ஒன்றுண்டு. நாம் வீட்டில் வழங்கும் 'சன்னல்' போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். சிலப்பதிகாரத்தில் 'காலதர்' என்ற சொல் உண்டு. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் காற்றின் கண் என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. பேச்சில் அருகிப்போன சாளரத்தைக் கணினி மீட்டுத் தந்ததில் தமிழாசிரியையான எனக்குச் சிறு மகிழ்ச்சி.

எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காகப் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பழஞ்சொற்களுக்குப் பொருள் காட்டும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதினாள். சாளரத்தையும் பொத்தானையும் உருவாக்க, பைத்தானுடன் சேர்ந்தே வரும் 'டிகிண்டர்' தொகுதியைப் பயன்படுத்தியிருந்தாள். சொற்பட்டியல் என்னுடையது. ஐம்பதைக் கடந்தபின் பைத்தான் கற்கத் தொடங்கியிருந்த நானும் மாலை வேளைகளில் அவளருகே அமர்வேன்.

பள்ளிக் கணினியில் நிரல் அழகாக இயங்கியது. பென் டிரைவில் பதிந்துகொண்டுபோய், அண்ணனின் மடிக்கணினியில் தந்தைக்குக் காட்ட முயன்றாள். கோப்பை இருமுறை சொடுக்கியதும் கருநிறப் பெட்டி ஒன்று கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைந்தது. தறியை நிறுத்திவிட்டு வந்த தந்தை சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மீண்டும் தறிக்குப் போய்விட்டாராம். மறுநாள், "பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், அம்மா. எனக்குக் கணினி வராது" என்றாள்.

நிரலில் கை வைக்காமல், அதை இயக்கும் இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தோம். அதுவரை 'ஐடில்' என்னும் எழுதுதளத்திலேயே இயக்கி வந்தாள். இம்முறை கட்டளைப் பெட்டியைத் திறந்து அதிலிருந்து இயக்கினோம். பள்ளிக் கணினியிலும் சாளரம் வரவில்லை! வீட்டுக் கணினியின் மீதிருந்த ஐயம் நீங்கியது. அடுத்து, சாளரத்தை உருவாக்குவதற்கு மட்டுமான மூன்று வரி நிரல் ஒன்றை எழுதினோம். அது உடனே தோன்றியது. ஆகவே டிகிண்டரிலும் குறையில்லை.

டிகிண்டர் நிரலின் இறுதியில் 'மெயின்லூப்' என்னும் கட்டளை இருக்கவேண்டும். சுட்டியின் சொடுக்குக்கும் விசையின் அழுத்தத்துக்கும் காத்திருந்து, திரையை வரைந்துகொண்டேயிருக்கும் சுழற்சி அது. அது இயங்காவிட்டால், நிரல் கடைசி வரியோடு முடிந்து சாளரமும் உடன் மறைந்துவிடும். அவளது நிரலில் அந்தச் சொல் இருக்கத்தான் செய்தது. அதற்கு முன் 'தொடக்கம்' என்றும் பின் 'முடிவு' என்றும் அச்சிடுமாறு இரு வரிகளைச் சேர்த்தோம். சுழற்சி இயங்கினால், சாளரத்தை மூடும்வரை 'முடிவு' வரக்கூடாது. இரண்டும் அடுத்தடுத்து வந்து விழுந்தன.

அந்த ஒரு வரியையே அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அடைப்புக்குறி இல்லை, அம்மா" என்றாள்.

பைத்தானில் இத்தகைய கட்டளையின் பெயரை எழுதி, அதையடுத்து அடைப்புக்குறிகள் இட்டால்தான் அது இயங்கும். பெயரை மட்டும் எழுதினால் பிழையும் ஆகாது. ஒன்றும் நடக்கவும் நடக்காது. வேற்றுமை படித்த உங்களுக்கு இது புதிதன்று. 'முருகன்' என்பது முதல் வேற்றுமை. 'முருகா' என்பது எட்டாம் வேற்றுமையாகிய விளி. பெயரைச் சொல்வது வேறு, அழைப்பது வேறு. ஐடில் எழுதுதளம் சாளரங்களைத் தானே புதுப்பித்துக்கொண்டிருப்பதால், இவள் அழைக்க மறந்ததை இத்தனை நாளும் மறைத்து வந்திருக்கிறது. உதவியின் இப்படியொரு முகத்தை நான் அன்றுதான் கண்டேன்.

வேறு காரணங்களும் உண்டு. பொத்தானை உருவாக்கிவிட்டு, 'பேக்', 'கிரிட்' போன்ற கட்டளைகளால் அதற்கு இடம் ஒதுக்காவிட்டால், சாளரம் வரும், பொத்தான் வராது. திரையின் எல்லைக்கு அப்பால் இடம் குறித்தால், சாளரம் கண்ணுக்கெட்டாமல் அங்கே போய் நிற்கும்.

அடைப்புக்குறிகளை இட்டு, கட்டளைப் பெட்டியிலிருந்தே மீண்டும் இயக்கினாள். சாளரம் வந்தது. 'காலதர்' என்று தட்டச்சு செய்து பொருளைச் சரிபார்த்துக்கொண்டாள். பெயரை எடுப்பது பற்றி அதன்பின் அவள் பேசவில்லை.

மறுநாள் காலை, வகுப்புக்குள் நுழையும் முன்பே என்னிடம் ஓடிவந்தாள். "அப்பா இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொன்னார், அம்மா" என்று கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தாள்: பாவு, ஊடை.