வண்டிக்கேற்ற நூல்

பழைய மோட்டார் வண்டியொன்றைப் புதுப்பிக்க எண்ணுபவர் முதலில் ஸ்பானரை நாடுவார். நானோ நூலை நாடினேன். நூலை நம்பியவன் ஏமாறமாட்டான் என்பது என் எண்ணம். அவ்வெண்ணம் எனக்கு ஒரு பாடத்தையும், ஒரு மாதச் சம்பளத்திற்கு மேற்பட்ட நட்டத்தையும் ஒருங்கே தந்தது.

வண்டி என் வாப்பா அவர்களுடையது. சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே அதன் மூலம். வடிவம் இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்தது. பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் அத்தனையும் கண்முன் நிற்கும். ஆங்கிலேயர் அறியாத நான்கு கதவு அமைப்பு இந்திய வண்டிக்கே உரியது. வாப்பா மறைந்த பின் பதினோராண்டுகள் அது கொட்டகையில் கிடந்தது. விற்றுவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். உம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே என்னை வேலையில் இறக்கிற்று.

இத்தகைய வண்டிகளுக்குரிய நூல்கள் பலவகை. உரிமையாளர் கையேடு, எண்ணெய் எவ்வளவு, டயரில் காற்று எவ்வளவு என்பதோடு நின்றுவிடும். பட்டறைக் கையேடு, தொழிற்சாலையார் தம் மெக்கானிக்குகளுக்கென எழுதியது. எந்த போல்டை எவ்வளவு முறுக்கலாம், எத்துணைத் தேய்மானம் பொறுக்கலாம் என்பனவெல்லாம் அதில் உண்டு. உதிரிபாகப் பட்டியல், ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்து எண்ணிட்டுக் காட்டும். இவற்றிற்கு அப்பால், வண்டியை முழுவதும் கழற்றிப் பூட்டிப் படமெடுத்துச் சாமானியருக்கென எழுதப்பெறும் நூல்களும் உள. 1966-ல் ஜான் ஹேன்ஸ் வெளியிட்ட முதல் கையேடு இவ்வகைக்குப் பெயர் தேடித் தந்தது.

நான் தேர்ந்தது, படங்கள் மிகுந்த தடித்த நூலொன்று. அட்டையில் ஹெரால்டு என்றிருந்தது, அதுவே போதுமென்றிருந்தேன். அதிலிருந்த அளவுப்படி இங்கிலாந்திலிருந்து பிஸ்டன்கள் தருவித்தேன்.

எங்கள் ஊருக்கெல்லாம் காக்காவான முதிய மிஸ்திரி, பிஸ்டன் ஒன்றைச் சிலிண்டரின் வாயில் வைத்தார். பானைமேல் மூடிபோல் அது அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"தம்பி, இது எந்த வண்டிக்கு வாங்கின சாமான்?" என்றார்.

நூல் ஹெரால்டு 1200-க்கு உரியது. அதன் எஞ்சின் 1147 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் விட்டம் 69.3 மில்லிமீட்டர். இந்திய வண்டியோ கடைசிவரை 948 கன சென்டிமீட்டர் எஞ்சினையே தாங்கியது. விட்டம் 63 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 76 மில்லிமீட்டரே. எனவே படங்கள் ஒத்திருந்தன, அளவுகள் ஒக்கவில்லை.

"வாப்பாட பொஸ்தகம் ஒன்னு இருந்திச்சே, தேடிப் பாருங்க" என்றார் காக்கா.

அலமாரியின் அடியில் அது கிடைத்தது. பழுப்புத்தாள் உறையிட்ட மெலிந்த பட்டறைக் கையேடு. 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் வாப்பா வாங்கியது. படங்கள் குறைவு, ஆனால் 948-க்கு உரியது. எஞ்சின் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள்: "20 ரீபோர்."

அஃதாவது, சிலிண்டர் ஒருமுறை கடையப்பெற்று, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு அகன்றுவிட்டது. அச்சிட்ட அளவை நம்பி 63 மில்லிமீட்டர் பிஸ்டனைத் தருவித்திருப்பின், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதல் இடைவெளியில் அது ஆடியிருக்கும், எண்ணெய் புகைந்திருக்கும். சரியான நூலும் வண்டி பிறந்தபோதுள்ள அளவைத்தான் சொல்லும். அது வாழ்ந்த வாழ்வை, உடனிருந்தவர் எழுதிய குறிப்பே சொல்லும்.

காக்கா அதையும் அப்படியே ஏற்கவில்லை. கருவி வைத்து அளந்தார். தேய்மானம் கண்டு, முப்பதுக்கு மீண்டும் ரீபோர் செய்து, அதற்குரிய பிஸ்டன்களைப் பூட்டினோம்.

எஞ்சின் உயிர்பெற்ற மாலை, உம்மா வாசல்வரை வந்து சற்றே நின்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்கள். நான் வாப்பாவின் நூலை விரித்து, அவர்கள் எழுத்துக்குக் கீழே, தேதியிட்டு, "30" என்று குறித்துவைத்தேன்.