தோற்பதற்கும் ஒரு சீசன் வேண்டும்

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் 2024-25 சீசன் நன்றாகத்தான் ஆரம்பித்தது. செப்டம்பரில் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசாவை 3-2 என்று சாய்த்தார்கள். அடுத்த ஆட்டத்தில், சொந்த மண்ணான நேரு ஸ்டேடியத்தில், அந்த ஆண்டுதான் இந்தியன் சூப்பர் லீக்குக்குள் கால் வைத்த முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் 0-1 என்று விழுந்தார்கள். அதற்குப் பிறகும் இதே கதைதான். ஜாம்ஷெட்பூரை அவர்கள் ஊரிலேயே 5-1 என்று புரட்டி எடுப்பார்கள். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் வேறு யாரிடமாவது மண்ணைக் கவ்வுவார்கள். மார்ச்சில் கணக்கு முடிந்தபோது 24 ஆட்டம், 27 புள்ளி, 13 அணிகளில் 11-ஆவது இடம்.

ஜவ்வாது மலையில் உட்கார்ந்துகொண்டு இதற்கெல்லாம் வருத்தப்படுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே பிள்ளைகளுக்குக் கபடியும் வாலிபாலும்தான் உயிர். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் சர்க்கரை டப்பா மேல் செல்போனைச் சாய்த்து வைத்தால் சிக்னல் வரும். அரை அடி நகர்த்தினால் போய்விடும். கார்னரிலிருந்து பந்து எழும்பும். படம் அப்படியே நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும். அது திரும்பி வருவதற்குள் மைதானத்தில் இருக்கும் சென்னை நண்பன், தலையில் கை வைத்த பொம்மையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருப்பான். கோல் விழுவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதற்காக வருத்தப்பட்டு முடித்திருப்போம். "என்ன சார், இன்னிக்கும் ஊத்திக்கிச்சா?" என்பார் கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே.

மோசமான சீசனைக் கடப்பதற்கு ரசிகர்கள் கைவசம் சில வழிகள் வைத்திருக்கிறோம். முதல் வழி, பழம்பெருமை. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பரில் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தையே புனேயில்தான் ஆட வேண்டியிருந்தது. கோவாவில் நடந்த இறுதியில் 87-ஆவது நிமிடத்தில் பின்தங்கி, 90-ஆவது நிமிடத்தில் சமன் செய்து, இஞ்சுரி நேரத்தில் மெண்டோசா அடித்த கோலில் கோப்பையைத் தூக்கினார்கள். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. இதையெல்லாம் யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒரு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். அதற்கு மேல் வேலை செய்யாது.

இரண்டாவது வழி, பயிற்சியாளரைத் திட்டுவது. இதிலும் ஒரு சிக்கல். 2024-25 அணியைப் பயிற்றுவித்த ஓவன் காய்ல்தான் முன்பு ஒருமுறை அதே அணியைக் குப்புறக் கிடந்த இடத்திலிருந்து தூக்கி நிறுத்தியவர். சாம்பியனாக இருந்த அணி 2018-19-இல் 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. அடுத்த சீசனிலும் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகினார், காய்ல் வந்தார். பட்டியலின் அடியில் கிடந்த அணி 2020 மார்ச் 14-இல் இறுதி ஆட்டத்தில் நின்றது. லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார். கொரோனாவால் ஆளில்லாத ஃபத்தோர்தா மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். அன்று தலையில் தூக்கி வைத்த ஆளை இன்று ஒரேயடியாகக் குற்றவாளி ஆக்க மனசு வரவில்லை.

மூன்றாவது வழிதான் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் வழி: "விடு, அடுத்த சீசன் பாத்துக்கலாம்." அசட்டு நம்பிக்கை என்று இதை ஒதுக்க முடியாது, 2019-20-ஏ சாட்சி. நம் லீக்கில் அதுவரை கடைசியில் வந்தவர்களைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளியதும் இல்லை. இங்கிலாந்தில் 2016-இல் சாம்பியனான லெஸ்டர் சிட்டி 2023-இல் கீழ்ப்பிரிவுக்கே இறங்கியது. ஆனாலும் அந்த ஆகஸ்டில் அவர்களுக்கு ஆட ஒரு லீக் இருந்தது. முதல் நாள் எல்லா அணியும் பூஜ்யத்தில்தான் நின்றது.

எங்களுக்கு அந்தப் பூஜ்யம்கூடக் கிடைக்கவில்லை. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் லீக்கின் வணிகப் பங்குதாரருடன் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிகிறது, அடுத்து என்ன என்பது முடிவாகவில்லை என்று சொல்லி, லீக்கை நடத்தியவர்கள் அந்த ஜூலையில் அதையே நிறுத்தி வைத்தார்கள். காய்ல் விடைபெற்றார். ஆகஸ்டில் பெங்களூரு அணி தன் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது; சென்னையின் எஃப்.சி.யும் தற்காலிகமாகக் கடையைச் சாத்தியது. முந்தைய சீசன் தொடங்கிய செப்டம்பர் மாதம் இந்த முறை சும்மாவே போனது.

அந்த மாதங்களில் பக்கத்துக் கொல்லைக்காரப் பெரியவர் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார். முறத்தில் அள்ளிக் காற்றுக்கு எதிரே தூற்றினால் பதர் பறந்துபோய், சின்னச் சின்ன மணி காலடியில் குவியும். அந்த வருஷம் மணி குறைவு. "வருத்தமா இல்லையா?" என்றேன். "வெளச்சல் கம்மின்னா படி போட்டு அளந்து பாத்து கம்மின்னு சொல்லிடலாம் சார். மழ பேயாம வெதைக்காமலே விட்ட வருசமும் உண்டு. அதை எதால அளக்கிறது?" என்றார்.

அதைக் கேட்ட பிறகு அந்த 27 புள்ளிமேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. 11-ஆவது இடம் என்றால் எங்கே ஓட்டை என்று பார்க்கலாம். வெளியூரில் ஐந்து கோல் அடிக்கத் தெரிந்த அணி சொந்த ஊரில் ஏன் தடுமாறியது என்று கேட்கலாம், தற்காப்பை மாற்று, பயிற்சியாளரை மாற்று என்று கத்தலாம். ஆடாத சீசனில் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுகூடத் தெரியாது. அந்தச் சும்மா கிடந்த மாதங்கள் ரசிகனைவிட ஆட்டக்காரனை அதிகம் வதைக்கும். கால் ஓடும் வயது கொஞ்சம்தான். அதில் பாதி ஆண்டு போனால் அடுத்த சீசனில் திரும்பி வராது.

2026 ஜனவரியில்தான் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர், பிப்ரவரி 14 முதல் லீக் நடக்கும், 14 அணி, 91 ஆட்டம் என்று அறிவித்தார். ஓர் அணிக்குப் பதின்மூன்றே ஆட்டம். அரைச் சாப்பாடுதான், ஆனாலும் இலை போட்டாயிற்று. சென்னையின் எஃப்.சி. எத்தனையாவது இடத்தில் வந்தாலும் சரி, இந்த முறை வயிறாரத் திட்டுவதாக இருக்கிறேன். கடைக்காரரிடமும் சொல்லி வைத்துவிட்டேன், சர்க்கரை டப்பாவை இடம் மாற்றக் கூடாது என்று.