நீதிபதி மேல் ஒரு மனு

வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனிடம் ஊரார் இன்றைக்கும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஜட்ஜ் மேலேயே மனுக் கொடுக்க முடியுமா?" முடியும். கீழமை நீதிமன்றங்கள் அரசியல் சட்டத்தின் 235ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. புகாரும் அங்கேதான் போக வேண்டும்.

என் பங்காளி ஒருவர் வரப்புத் தகராறில் முன்சீப் கோர்ட்டில் தோற்றார். "காசு வாங்கிட்டான், மனு எழுதுடா" என்று வந்து நின்றார். கொடுத்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை, டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். எங்கள் வக்கீல் ஐயா கட்டைப் புரட்டிப் பார்த்தார். "சர்வேயர் சாட்சியத்தை ஜட்ஜ் கவனிக்கவே இல்லை. அது அப்பீலுக்கு நல்ல பாயிண்ட். தப்பா முடிவு பண்ணினா அப்பீல், தப்பா நடந்துக்கிட்டாத்தான் புகார்" என்றார். சப் கோர்ட்டில் அப்பீல் போட, நகல் வாங்க ஆகும் நாள் போக, 30 நாள்தான் கெடு. பங்காளி காதில் அது ஏறவில்லை. டெல்லி வரைக்கும் மொட்டை மனுவாக அனுப்பித் தள்ளினார். கெடு தாண்டிவிட்டது. பிறகு தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்குத் தனி வாய்தா. கோபத்தில் இருக்கிற மனிதருக்கு நல்ல யோசனை சொன்னால் மட்டும் போதாது, கூடவே உட்கார்ந்திருக்கவும் வேண்டும் என்று ஐயா வருத்தப்பட்டார்.

உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைப் பதவி நீக்குவது நாடாளுமன்றத்தின் கையில். நம் ஊர்க்காரரான நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம் 1993 மே மாதம் மக்களவையில் ஓட்டுக்கு வந்தது. விசாரணைக் குழு பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகச் சொல்லியிருந்தது. ஆதரித்தவர்கள் 196 பேர். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. 205 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள், வேண்டிய பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. குற்றமில்லை என்று நினைத்தவர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கலாம். அந்த 205 பேரின் மௌனம் எனக்கு இன்றும் செரிக்கவில்லை.

ஏனென்றால் வாய் திறந்த ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். ஜீவனாம்சம் கேட்டு வந்த ஓர் அம்மாவை, மாஜிஸ்திரேட் ஒருவர் கோர்ட் நிறைய ஆள் இருக்கும்போது நடத்தையைப் பற்றிக் கேவலமாகப் பேசிவிட்டார். ஐயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: வழக்கு எண், தேதி, பேசிய வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் நின்றவர்கள் யார் யார். 'கொடுமைக்காரர்', 'அநியாயம்' போன்ற சொற்களையெல்லாம் அடித்துவிட்டார். அந்த அம்மா தன் பெயரைப் போட்டே கையெழுத்திட்டார்.

சாட்சிதான் கிடைக்கவில்லை. தினமும் அங்கே நிற்கிற நாங்கள் எல்லாரும் தயங்கினோம். தன் வழக்குக்காக அதே கோர்ட்டில் காத்திருந்த இன்னொரு பெண், "நான் கேட்டேன், நான் சொல்றேன்" என்று முன்வந்தாள். அவள் வழக்கும் அதே மாஜிஸ்திரேட் முன்னால்தான் இருந்தது. ஐயா அதை அவளுக்கு இரண்டு முறை எடுத்துச் சொன்னார். "தெரியுங்க" என்றாள்.

விசாரணை அதிகாரி இருவரையும் தனித்தனியே கேட்டார். வார்த்தை பிசகாமல் ஒன்றையே சொன்னார்கள். மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார். காரணத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஜீவனாம்ச வழக்கு அதன் போக்கில் நடந்தது. அந்த இரண்டு பெண்களும் அதற்குப் பிறகு வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.