ஒரு சொட்டுச் சாப்பாடு

குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தின் கரு ஆய்வகம். விளக்கைக் குறைத்திருக்கிறார்கள். வாசனை பூசியவருக்கு அனுமதியில்லை. தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவே கருவியல் நிபுணரான ஒரு பெண்ணின் கண்கள் மட்டுமே தெரிகின்றன. 37 டிகிரி இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைக்கிறார். திரையில் நான்கு செல்கள். கருத்தரித்து இரண்டாம் நாள். எண்ணெய் மூடிய ஒரு சொட்டுக் கரைசலுக்குள் அந்தக் கரு கிடக்கிறது; அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும்.

அந்தச் சொட்டுதான் அதற்குச் சாப்பாடு. சர்க்கரைதான் உயிருக்கு எரிபொருள் என்று படித்தோம். இந்த வயதுக் கருவோ குளுக்கோஸை அதிகம் தொடுவதில்லை, குளுக்கோஸ் உடைந்து உண்டாகும் பைருவேட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. சுண்டெலிக் கருவுக்குப் பைருவேட் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் கொடுத்தால் இரண்டு செல்லோடு நின்றுபோகும். தாயின் உடம்பும் இதற்கேற்பவே பரிமாறுகிறது: கருக்குழாயில் பைருவேட்டும் லாக்டேட்டும் தாராளம், கருப்பைக்கு வந்தால் குளுக்கோஸ் கூடுதல்.

இன்னொரு தட்டு. ஐந்தாம் நாள் கரு. நடுவே நீர் கட்டிப் பந்தாகியிருக்கிறது. வெளிச்சுவர்ச் செல்கள் சோடியத்தை உள்ளே தள்ள, பின்னாலேயே நீர் நுழைகிறது. அந்த உழைப்புக்கு ஆற்றல் ஏராளமாக வேண்டும். இப்போது அது குளுக்கோஸை வேகமாக உறிஞ்சுகிறது. அந்தப் பெண் குறிப்பேட்டில் ஏதோ எழுதிவிட்டுத் தட்டைச் சட்டென்று உள்ளே வைக்கிறார். வெளியே ஒவ்வொரு நொடியும் கரைசலின் சூடு இறங்கும்.

கூடத்தில் ஒரு மாமியார் மாதுளை உரித்து மருமகள் கையில் திணிக்கிறார். "சாப்பிடும்மா. இனிமே ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்." மருமகள் ஆய்வகக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த அம்மாவின் அக்கறை நியாயமானது. ஆனால் 'இனிமேல்' என்பது தாமதம். 2000இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவுற்ற எலிகளுக்கு முதல் நான்கேகால் நாள் மட்டும் புரதத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பிறகு வழக்கமான தீனி. கரு கருப்பையில் ஒட்டுவதற்கு முன்பே அதன் செல்கள் குறைந்திருந்தன. பிறந்து வளர்ந்த குட்டிகளிடம் இரத்த அழுத்தம் கூடியிருந்தது. நாலு நாள் பட்டினிகூட இல்லை, அரைகுறைச் சாப்பாடு. அதற்கே இவ்வளவு!

பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிவதற்குள் மனிதக் கருவின் அந்த நாட்களும் கடந்துவிடும். ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் மாதத்திலேயே பருப்பும் முட்டையும் கீரையும் பெண்ணின் தட்டில் நிறைய விழட்டும். ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு அப்போதே தொடங்குங்கள்.